காசிண்டா நிரப்பும் படிவம்

பெயர்: காசிண்டா.
இரட்டையருக்குப் பின் பிறந்தால்
உம்புண்டு மொழியில் இந்தப் பெயர்தான்.
பெயர் தேடும் சிரமம் அம்மாவுக்கு இருக்கவில்லை.
முதலில் வந்தவன் ஜம்பா, யானை.
கால் மணி கழித்து ஹோசி, சிங்கம்.
இரண்டும் மிதித்த தடத்தில் நான்.

பிறந்த ஊர்: அப்போது நோவா லிஸ்போவா.
இப்போது உவாம்போ.
நாங்கள் வீடு மாறவில்லை.

தந்தை தொழில்:
பெங்குவேலா ரயிலில் கொதிகலனுக்கு விறகு போட்டார்.
தைலமரக் கட்டைகள்.
அவர் சட்டையை முகர்ந்தால் சளி இளகும்.
ஜம்பாவை ஒருமுறை என்ஜினில் ஏற்றினார்.
பொறி தெறித்து இடது மணிக்கட்டில்
அவரைக்காய் நீளத் தழும்பு.
எழுபத்தைந்தில் ரயில் நின்றது.
சட்டையின் வாசம்
இரண்டு வருடம் துவைத்த பிறகே போனது.

விடுதலை பெற்ற நாள் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
நவம்பர் பதினொன்று. இரண்டு முறை.
லுவாண்டாவில் ஒரு கொடி ஏறியது,
இங்கே வேறொன்று.
மருத்துவச்சி சிலோம்போ வாசலில் நின்று சொன்னாள்:
"நாட்டுக்கும் இரட்டை.
தொப்புள்கொடி அறுத்தவன்
கத்தியைக் கழுவாமல் கப்பலேறிவிட்டான்."

பிறகு விருந்தாளிகள்.
தெற்கிலிருந்து கவச வண்டிகளில் வந்தவர்கள்
வெயிலில் தோலுரிந்திருந்தார்கள்.
எந்த ஊர் என்று கேட்டால் சிரித்தார்கள்.
அவர்கள் போனபின் கியூபாக்காரர்கள்.
அவர்களில் ஒருவர் அம்மாவின் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்,
காசு வாங்கவில்லை.
ரஷ்யர் வரைபடத்தில்
எங்கள் மலைக்குப் பெயரில்லை, நான்கு இலக்க எண்.
அமெரிக்கரை நாங்கள் பார்த்ததேயில்லை.
பெட்டிகளைத்தான் பார்த்தோம்.

பெட்டியில் இரண்டு ரகம்.
ஒன்றில் எழுத்துகள்,
கண்ணாடிக்குள் நிற்பதுபோல் திரும்பி நிற்பவை.
மற்றதில் எழுத்தே கிடையாது,
சுரண்டிய இடத்தில் புதுச் சாயம்.
அம்மா இரண்டிலும் பயறு கொட்டி வைத்தாள்.
எழுத்தில்லாததில் வண்டு விழவில்லை.
மூடி அவ்வளவு இறுக்கம்.

சகோதரர் எந்தத் தரப்பு, எந்தக் கொள்கையால்:
ஐயா, அந்த வாரம்
ஜம்பா மாமா வீட்டில் ஆடு மேய்த்தான்.
ஹோசி லொபிட்டோ துறைமுகத்தில் மூட்டை தூக்கினான்.
ஆடு நின்ற பக்கம் காட்டுப்படை வந்தது.
மூட்டை நின்ற பக்கம் அரசுப்படை.
கொள்கை அதற்குப் பிறகு,
சீருடையோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஹோசி கபிண்டாவிலிருந்து எழுதினான்:
"அமெரிக்கக் கம்பெனியின் எண்ணெய்க்கு
கியூபாக்காரனோடு காவல் நிற்கிறேன்.
எண்ணெய் விற்ற காசில் எனக்கு ரஷ்யத் துப்பாக்கி.
என் பெட்டியில் எழுத்து உண்டு.
ஜம்பாவின் பெட்டியில் இருக்காது என்கிறார்கள்.
இங்கே மீன் மலிவு.
அம்மாவிடம் மற்றதைப் படிக்காதே, மீனைப் படி."
நான் மீனைப் படித்தேன்.

எண்பத்தாறில், கேவே ஆற்றுப் பாலத்தருகே சண்டை.
ஹோசியின் தோழர்கள் ஒரு உடலைக் கொண்டுவந்தார்கள்.
முகம் பார்த்து எடுத்தோம் என்றார்கள்,
சட்டை எரிந்துவிட்டதாம்.
கொடி போர்த்தினார்கள். மூன்று வேட்டு.
அம்மா கொடிக்கு அடியில் கைவிட்டு
இடது மணிக்கட்டைத் தடவினாள்.
தடவிக்கொண்டே இருந்தாள்.
அப்புறம் என் காதில்,
"வாயைத் திறக்காதே" என்றாள்.

அரசாங்க மரியாதையோடு
எதிரியைப் புதைத்துவிட்டுப் போனார்கள்.
உதவித்தொகை மாதாமாதம் வந்தது.
அதில் சோளமாவு வாங்கினோம், உப்பு வாங்கினோம்.
ஹோசியிடமிருந்து கடிதம் வரவில்லை.
ஒவ்வொரு மாதமும் கைநாட்டு வைக்கும்போது அம்மா
தவறான விரலை முதலில் நீட்டுவாள்.

போன வாரம் அம்மாவும் போனாள்.
கணக்கை முடிக்க வேண்டும் என்கிறீர்கள்.

இறந்த வீரர் பெயர்:
ஹோசி என்றே எழுதியிருக்கிறேன்.
கட்டம் சிறியது, யானை நுழையாது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.
வேறு படிவம் ஏதும் உண்டா, ஐயா?
புதைத்தவன் நடந்து வந்தால் நிரப்புகிற மாதிரி.
இருந்தால் ஒன்று கொடுங்கள்.
பெட்டியில் வைத்திருக்கிறேன்,
எழுத்தில்லாத பெட்டியில்.